சுறாவுக்கும் வௌவாலுக்கும் நடந்த வழக்கு

எங்கள் பெரியத்தானிடம் யார் எதைச் சொன்னாலும் "ஓம்" என்று ஒத்துக்கொள்வார். வெயில் என்றாலும் ஓம், மழை என்றாலும் ஓம். இந்த முறை பத்திரகாளி அம்மன் தேர் ஆகாயத்தில் பறக்கப்போகிறதாம் என்று எங்கள் சல்லி ஊர்க் கரையில் திரிகிற வால் பொடியள் வந்து சொல்லுவார்கள். அதற்கும் ஓம். ஊர் அவருக்கு "ஓம் தங்கத்துரை" என்று பட்டம் வைத்துவிட்டது. சங்கக் கடைக்குப் புதிதாக வந்த மனேஜர் ஒருநாள் என்னிடம், "உங்கட பெரியத்தான் நல்ல பணிவான மனுசன்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மண்ணெண்ணெய்ப் போத்தலை அவருடைய மேசையில் இடித்து வைத்துவிட்டு வந்தேன். நேற்று வந்த மனேஜருக்கு என்ன தெரியும்?

தங்கத்துரை என் கணவர் இராசையாவின் அண்ணன். ஒரு காலத்தில் "ஓம்" என்ற சொல்லை வாய்க்குள் போட்டுப் பூட்டு வைத்திருந்த மனுசன் அவர். நான் சொன்னால் சிலர் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

நான் கலியாணம் முடித்து இந்த வளவுக்கு வந்தது அறுபத்திரண்டில். அண்ணன் வீடும் தம்பி வீடும் ஒரே வளவு, ஒரே கிணறு. வேலிக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய மீன்வாடிக் கொட்டில், அதற்கு அப்பால் கடல். நிலாவெளி வரைக்கும் பெரியத்தானைச் "சுறாத் தங்கத்துரை" என்றால்தான் தெரியும். புலிச்சுறாவைத் தூண்டிலில் கொழுவி, தோணிப் பக்கத்தில் கட்டி இழுத்துக்கொண்டு வருவார். வந்த பிறகு ஒரு கிழமைக்கு அவர் நடக்கிற நடையே வேறு. என் மனுசன் அப்படியல்ல. சிரித்துக்கொண்டே அண்ணனுக்குப் பின்னால் போவார், சிரித்துக்கொண்டே வருவார். அவருக்குக் கோபம் வந்து நான் கண்டதேயில்லை. எங்கள் இரண்டு பேருக்குமான கோபத்தையும் நானே வைத்திருந்தேன் என்று வையுங்கள்.

வாடிக்கு ஒரு மாட்டுவண்டி வரும். குறிஞ்சாக்கேணி அலியார் நானாவின் வண்டி. சீனன்குடாக் காட்டுக்குள்ளே, சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் கட்டி விட்டுப்போன பங்கர் ஒன்று கிடந்தது. அதற்குள் முழுக்க வௌவால். மாம்பழம் தின்கிற பெரிய சாதி அல்ல. பூச்சி பிடித்துத் தின்கிற சின்னது, ஒரு கைப்பிடிக்குள் மூன்று நான்கு அடங்கும். அந்த எச்சத்தைக் கூட்டி அள்ளிச் சாக்கில் கட்டி, எங்கள் பக்கத்து வெங்காயத் தோட்டங்களுக்கு எருவாகக் கொண்டுவருவார். திரும்பிப் போகும்போது சுறா எண்ணெயும் கருவாடும் ஏற்றுவார். அந்தியில் வௌவால் கூட்டம் புகை மாதிரிப் பங்கர் வாசலால் வெளியே போவதைப் பார்க்காமல் அவர் வீட்டுக்குப் போகமாட்டாராம். அது அவருக்கு ஒரு தொழுகை மாதிரி என்று பெரியத்தான் பகிடி பண்ணுவார்.

வழக்கு எப்படித் தொடங்கியது என்று கேட்டால், நாற்றத்தில்தான் தொடங்கியது. முதல்நாள் வண்டி வந்து நின்றதும் பெரியத்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நானா, உங்கட சாக்குக்குள்ள என்ன செத்துக் கிடக்குது?" என்று கேட்டாராம். "உங்கட வாடியில செத்துக் கிடக்கிறதை விட இது பன்னீர்" என்று அலியார் நானா சொன்னாராம். பிறகென்ன! வண்டி வருகிற நாளெல்லாம் வாடியில் வழக்குத்தான். சுறா பெரிதா, வௌவால் பெரிதா?

அதற்கு ஒரு சட்டமும் வைத்திருந்தார்கள். மற்றவர் சொல்கிற எதற்கும் "ஓம்" சொல்லக்கூடாது. சொன்னவர் தோற்றார். தோற்றவர் வாடியில் இருக்கிற எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்ற வேண்டும்.

"என்ர புலிச்சுறா பதினைஞ்சு அடி. உங்கட வௌவால் நெருப்புப்பெட்டிக்குள்ள அடங்கும்" என்று பெரியத்தான் தொடங்குவார்.

"எங்க, அடக்கிக் காட்டுங்க பாப்பம். கும்மிருட்டுக்குள்ள ஆயிரம் பறக்குது, ஒண்டோட ஒண்டு முட்டாது. உங்கட சுறா பட்டப்பகல்ல வந்து தூண்டில்ல கொழுவுது."

"தண்ணியில ஒரு சொட்டு ரத்தம் விழட்டும். எங்கையோ கிடக்கிற சுறா வந்து நிக்கும்."

"ரத்தத்துக்கு வாறது பெரிய காரியமோ? நுளம்பும்தான் வருது. அந்த நுளம்பைத் தின்னுறது ஆரு?"

வாடி கொல்லென்று சிரிக்கும். அலியார் நானா விடமாட்டார். "சுறா ஒருத்தனைக் கடிச்சா பேப்பர்ல போடுறாங்க. நுளம்பு கடிச்சு எங்கட பக்கத்துல எத்தினை பேர் காய்ச்சல்ல மவுத்தானாங்க, அதை எந்தப் பேப்பர்காரன் எழுதினான்?" என்பார்.

ஒருமுறை பெரியத்தான் ஒரு புலிச்சுறாவின் வயிற்றைக் கீறினார். உள்ளே ஒரு றப்பர்ச் செருப்பு, ஒரு தகரப் பேணி, பாதி ஆமை. அதையெல்லாம் வரிசையாக வாடிக்கு முன்னால் பரப்பி வைத்துவிட்டு அலியார் நானா வரும்வரை காத்திருந்தார். நானா வந்து குனிந்து பார்த்தார். "கண்டதையும் விழுங்கிறது வீரமில்லைத் தங்கத்துரை. வீட்டுல ஒழுங்காச் சோறு போடாத குறை" என்றார். பெரியத்தான் எல்லாவற்றையும் காலால் தள்ளி மண்ணில் மூடினார்.

ஆனால் பேச்சில் வெல்வது வேறு, "ஓம்" வாங்குவது வேறு. அதற்குப் பொறி வைப்பார்கள். "நேத்து உங்கட பக்கம் நல்ல மழை என்ன?" என்று சும்மா கேட்பது மாதிரிக் கேட்பார்கள். "வீட்டில கூப்பிடுறாங்க போல" என்பார்கள். மற்றவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "கூப்பிட்டாக் கூப்பிடட்டும்" என்பார். ஒருநாள் அலியார் நானா பதறிக்கொண்டு ஓடிவந்து, "தங்கத்துரை, உங்கட தோணிக் கயிறு அறுந்திட்டு, தோணி போகுது, காணல்லியா?" என்றார். பெரியத்தான் துள்ளி எழும்பி, "ஓமோ!" என்றார். கயிறு அறவுமில்லை, தோணி போகவுமில்லை. அன்றைக்குத் தேத்தண்ணி ஊற்றும்போது பெரியத்தான் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இனிமேல் நீங்கள் தலைகீழாக நின்றாலும் என்னிடம் ஓம் வாங்க முடியாது என்று சத்தியம் பண்ணாத குறை.

அறுபத்து நாலில் எனக்கு வயிற்றில் பிள்ளை. வேலிக்கு இந்தப் பக்கம் மீன் வெட்டிக்கொண்டிருப்பேன், காது அந்தப் பக்கம் இருக்கும். ஒருநாள் பெரியத்தான், "சுறாவை மீன் எண்டு நினையாதையுங்கோ. புலிச்சுறா மனுசர் மாதிரிக் குட்டிதான் போடும்" என்றார்.

"போட்டிட்டுத் திரும்பிப் பாக்குமோ? பசிச்சா அதையே தின்னும்" என்றார் அலியார் நானா. "வௌவாலைப் பாருங்க. குட்டியை நெஞ்சில கொழுவிக்கொண்டு பறக்குது, பால் குடுக்குது. பால் குடுக்கிறது என்ர வௌவால். 'பால்சுறா' எண்டு பேர் எடுக்கிறது உங்கட சாதி. இது என்ன ஞாயம்?"

நான் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன். என் மனுசன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மெல்லச் சிரி, பிள்ளை பயந்திடும்" என்றார். அந்த முகத்தை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன்.

கார்த்திகை முடிவில் சிவஜோதி பிறந்தாள். எனக்குப் பால் சுரக்கவில்லை. பிள்ளை உறிஞ்சும், கிடைக்காது, வீரிட்டு அழும். சீனித்தண்ணி தொட்டு வைத்தோம். அழுது அழுது குரல் கம்மிப்போய், பூனைக்குட்டி மாதிரி முனகத் தொடங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு மருந்துச் சரக்கு அரைத்துப் பால்சுறாக் கறி கொடுப்பார்கள். கொடுத்தால் பால் ஊறும். "சுறாப் பிடிக்கிறவன்ர வீட்டில பிள்ளை பால் இல்லாமல் கிடக்குது, ஊர் காறித் துப்பும்" என்று மாமி ஆண்மக்கள் இரண்டு பேரையும் நின்றால் இருந்தால் விடவில்லை.

அது வாடைக்காலம். பெரிய கடலுக்கு யாரும் போகிற காலமல்ல. ஆனாலும் மார்கழி நடுவில் கடல் இரண்டு மூன்று நாள் குளம் மாதிரிக் கிடந்தது. கரையோடு தூண்டில் போட்டார்கள். போட்ட இரை போட்டபடி திரும்பி வந்தது. மறுநாளும் அப்படியே. ஒரு குட்டிச் சுறாகூட வாய் வைக்கவில்லை.

"சுறா எல்லாம் வெளியில போயிட்டுது. வெளிக்கடலுக்குப் போனால்தான் பிடிக்கலாம்" என்றார் பெரியத்தான். அவர் சொன்னால் சரிதான். சுறாவைப் பற்றி அவருக்குத் தெரியாதது உண்டா? வெளியில் போய்விட்டது என்று கண்டுபிடித்த மனுசன், ஏன் போனது என்று கேட்கவில்லை. அவருக்குத் திருக்கை முள் குத்திக் கால் வீங்கியிருந்தது. அதனால் என் மனுசனும் கோணாமலையும் போவதென்று முடிவாயிற்று. கோணாமலை அவர்களோடு எப்போதும் தொழிலுக்குப் போகிறவன்.

அவர்கள் தோணியில் கயிறும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு நிற்கும்போது அலியார் நானாவின் வண்டி வந்தது. அது அவர் வருகிற நாளல்ல. வண்டியில் சாக்கும் இல்லை. நான் பிள்ளைத் துடக்கோடு வீட்டுக்குள் இருந்து யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடு வாயால் நுரை தள்ளிக்கொண்டு நின்றது. மாட்டுக்கு ஒருநாளும் அடிக்காத மனுசன் அவர்.

"தங்கத்துரை, தம்பியை நிப்பாட்டுங்க" என்றார். "ரெண்டு அந்தியா வௌவால் வெளிய வரல்ல."

பெரியத்தான் சிரித்தார். "பசியில்லையாக்கும்."

"விளையாட்டில்ல. ஒண்டுகூட வரல்ல. மழைக்குப் பிந்தி வரும், காத்துக்குப் பிந்தி வரும், நான் கண்டிருக்கிறன். இப்படிச் சுவரோட ஒட்டிக்கொண்டு கிடந்ததை நான் காணல்ல. பெரிசா என்னவோ வருது."

"இந்தக் கடலைப் பாருங்கோ நானா. இதில உங்கட தொப்பியைப் போட்டால் அசையாமல் நிக்கும். விடியக்காத்தால வண்டி கட்டி வந்தது என்னட்ட ஓம் வாங்கவோ? தோணிக் கயிறு அறுந்த மாதிரியோ?"

வாடியில் நின்றவர்கள் சிரித்தார்கள். அலியார் நானா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு தலைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சரி. நான் சொல்றன். ஓம். சுறாதான் பெரிசு. ஓம், ஓம். வௌவால் ஒண்டுமில்ல. நான் தோத்திட்டன். இப்ப தம்பியை நிப்பாட்டுங்க."

அத்தனை வருஷத்தில் அலியார் நானா வாயால் ஓம் வந்தது அன்றைக்குத்தான். பெரியத்தான் வீங்கிய காலோடு துள்ளினார். "கேட்டியளோ, எல்லாரும் கேட்டியளோ? வெண்டிட்டன்! நானா, தேத்தண்ணி ஊத்துங்கோ!" என்று வாடி அதிரக் கத்தினார். ஒரே கைதட்டல், ஒரே கூச்சல். அந்தக் கூச்சலுக்குள்ளே தோணியைத் தள்ளிவிட்டார்கள்.

என் மனுசன் தோணியில் நின்றுகொண்டு கையைக் காட்டினார். "நானா, எனக்கும் ஒண்டு ஊத்தி வையுங்கோ. வந்து குடிக்கிறன்!"

அலியார் நானா தேத்தண்ணி ஊற்றினார். சட்டம் சட்டம்தானே. எல்லாருக்கும் ஊற்றிவிட்டு, ஒரு கோப்பையை ஊற்றிச் சிரட்டையால் மூடி வைத்துவிட்டு, தான் குடிக்காமலே வண்டியைத் திருப்பினார்.

அந்த மார்கழிப் புயலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. திருக்கோணமலையில் இருக்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். அடுத்தநாள் கடல் வாடியைக் கொண்டுபோயிற்று, கோப்பையையும் கொண்டுபோயிற்று. கூரை போன வீட்டில் பிள்ளையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கதவு ஒன்றைத் தலைக்குமேல் பிடித்தபடி மாமியும் நானும் இருந்தோம். பெரியத்தான் கரையில் நின்று தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்தினார். காற்று அவருடைய வாயைவிட்டு ஒரு சத்தத்தையும் வெளியே விடவில்லை.

கோணாமலையை நிலாவெளிப் பக்கம் ஒரு பலகையோடு கண்டெடுத்தார்கள். பேச்சு வந்ததும் அவன் சொன்னது இதுதான். வெளிக்கடலில் ஒரு நல்ல பால்சுறா கிடைத்தது. திரும்பி வரும்போது காற்று பிடித்துக்கொண்டது. தோணிக்குள் தண்ணீர் ஏறியது. "எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சம், கயிறு, கல்லு, எல்லாம். சுறாவையும் தள்ளடா எண்டன். இராசையா மாட்டன் எண்டான். 'இது பிள்ளையின்ர பால்' எண்டு அதை மடியோட கட்டிப் பிடிச்சுக்கொண்டிருந்தான். பிறகு நான் அவனைக் காணேல்ல."

என் மனுசனை யாரும் கண்டெடுக்கவில்லை.

எனக்கு ஊறவேண்டிய பாலும் அதோடு நின்றுவிட்டது. மழை ஓய்ந்து, ரோட்டில் விழுந்த மரங்களை வெட்டி எடுத்ததும், முதல் ஆளாக வந்தது அலியார் நானாவின் வண்டிதான். வண்டியில் ஒரு பால் ஆடும் அதன் குட்டியும். ஆட்டை இறக்கி, முறிந்த முருங்கையில் கட்டினார். மாமியிடம், "பிள்ளைக்கு" என்றார். இன்றைக்கு என் மகள் உயிரோடு இருக்கிறாள் என்றால் அந்த ஆடுதான் காரணம். இதை எங்கே கேட்டாலும் சொல்வேன்.

பெரியத்தான் தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். அலியார் நானாவுக்கு முன்னால் நின்றார். தடியைக் கீழே போட்டார். பிறகு, "ஓம் நானா" என்றார்.

"வேணாம், தங்கத்துரை."

"ஓம். அண்டைக்கு நீங்க சொன்னதுக்கு ஓம். உங்கட வௌவால் சொன்னதுக்கு ஓம்."

அலியார் நானா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்கட சுறாவும் அதைத்தான் சொல்லிச்சு. தீனியைத் தொடாம அது வெளிய போனது எதுக்கு? ரெண்டும் ஒரே சேதியைத்தான் சொல்லிச்சு. நாமதான் எது பெரிசு எண்டு பாத்துக்கொண்டிருந்தம். அல்லாஹ்வே, அண்டைக்கு ஒருநாள் கயிறு அறுந்திட்டு எண்டு நான் பொய் சொல்லாம இருந்திருக்கக் கூடாதா?"

"ஓம்" என்றார் பெரியத்தான்.

அன்று திறந்த வாய்தான். பிறகு அதில் வேறு சொல் வரவில்லை. கடலுக்குப் போவதையும் விட்டார். சுறாத் தூண்டில்களைக் கொண்டுபோய் யாருக்கோ கொடுத்தார். அலியார் நானா மவுத்தாகும்வரை வந்துபோய்க்கொண்டிருந்தார். இரண்டு பேரும் கரையில் இருப்பார்கள், பேசமாட்டார்கள். அந்தியில் எங்கள் கூரைக்கு மேலால் வௌவால் ஒன்றிரண்டு போகும். இரண்டு பேரும் ஒன்றாகத் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

நான் சும்மா இருந்த பெண்ணல்ல. ஆண்டுத் திவசம் முடிந்த அன்று எனக்கு ஆற்றாமை பொங்கிவிட்டது. சபையில் எல்லாரும் இருக்க, "நீங்கள்தானே அவரைச் சாக அனுப்பினனீங்கள்?" என்று கேட்டேன். அவர் என்னைத் திட்டுவார், "உன்ர பிள்ளைக்குத்தானே போனவன்" என்று திருப்பிச் சொல்லுவார், நானும் நாலு சொல் சொல்லலாம், அழலாம் என்று நினைத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஓம்" என்றார். அதற்குமேல் ஒருத்தியால் என்ன சண்டை பிடிக்க முடியும்?

போன மாதம் சிவஜோதிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. ஊர்ப் பெண்கள் வந்து, பால்சுறா வாங்கிக் கொடு என்றார்கள். என் வீட்டுக் குசினிக்குள் சுறா வராது என்று சொல்லிவிட்டேன். அவளுக்குத் தானாகவே பால் சுரந்தது. பிள்ளை வயிறு நிறையக் குடித்துவிட்டு, அவளுடைய நெஞ்சில் ஒட்டிக்கொண்டு தூங்கியது. பெரியத்தான் முற்றத்துக் கதிரையில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. பதினெட்டு வருஷமாக அடைகாத்த கோபம் எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. கிட்டப் போய்க் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.

"பெரியத்தான், அது உங்கட பிழை இல்லை" என்றேன்.

அவர் பிள்ளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கேக்குதோ? நான் சொல்லுறன். உங்கட தம்பியின்ர மனிசி சொல்லுறன். அது உங்கட பிழை இல்லை."

திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஓம்" என்றார்.

அம்மன் தேர் ஆகாயத்தில் பறக்கும் என்று பொடியள் சொன்னபோது சொன்ன அதே ஓம்.